குட்டிக்காருக்குப் பெண் பார்த்தோம்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஓடிய அத்தனை கார்களையும் அடிப்பக்கத்திலிருந்து தரிசித்த ஒரே மனிதர் எங்கள் குட்டிக்கார்தான். மெக்கானிக்குகளை இதில் சேர்க்கக் கூடாது. அவர்கள் காருக்கடியில் போவது பிழைப்புக்காக. குட்டிக்கார் போனது ஆசைக்காக.

தொண்ணூறுகளின் நடுவில் நான் புதுமாப்பிள்ளையாகக் கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தேன். எதிரும் புதிருமாக எட்டு வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். எங்களுக்கு நேர் எதிரே குட்டிக்காரும் அவருடைய அக்கா ராஜாமணியும் இருந்தார்கள். அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது ரேஷன் கார்டுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காம்பவுண்டுக்கு அவர் குட்டிக்கார். அந்தப் பெயர் சொல்லித்தான் தபால்காரரே கூப்பிடுவார்.

கார் செய்வதுதான் அவருடைய வாழ்க்கை. மருந்து விற்பது நடுநடுவே வரும் இடைஞ்சல். சாலையில் ஓடும் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு சாண் நீளத்துக்குச் செய்துவிடுவார். கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே எஞ்சின், எஞ்சின் பக்கத்தில் பாட்டரி, பாட்டரியிலிருந்து நூல் மாதிரி ஒயர்.

"ஸ்டார்ட் ஆகுங்களா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"அது ஒண்ணுதானுங்க பாக்கி" என்றார், ஏதோ அடுத்த வாரம் ஆகிவிடும் என்பதுபோல.

நாலு புத்தகம் படித்த கர்வத்தில், வெளிநாட்டில் இதெல்லாம் பெட்டியில் துண்டு துண்டாக வருகிறது, ஒட்டினால் போதும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பாக்கெட் மாவுல தோசை சுடறதுங்க. நாம ஊறவெச்சு ஆட்டிச் சுடறமுங்க."

ஊறவைக்க வேண்டிய சாமான்கள் எட்டு வீட்டிலிருந்தும் போயின. கடலையெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி உடம்பு செய்வார். தேய்ந்த ரப்பர் செருப்பு டயராகும். மாத்திரை அட்டையின் குமிழ் ஹெட்லைட் கண்ணாடி. தீர்ந்துபோன ரீஃபில் சைலன்சர். எங்கள் காம்பவுண்டில் டீ வடிகட்டி காணாமல் போனால் யாரும் திருடனைத் தேடுவதில்லை. மறுவாரம் ஏதாவது ஒரு காரின் முகத்தில் அது சிரித்துக்கொண்டிருக்கும். என் மனைவி ஆசையாக வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷை, "சித்த நேரம் குடுங்கம்மணி" என்று வாங்கிப் போனார்.

"எனக்கு ஒரு கைக்குக்கூடப் பூசலீங்க" என்று என்னிடம் குமைந்தாள். "அந்த ஹெரால்டு காரு முழுசாப் பூசிக்கிட்டு நிக்குது!"

புதுக்காரை அவர் செய்யமாட்டார். "அழுக்கில்லாத காரு பொய்க்காருங்க" என்பது அவர் சித்தாந்தம். எந்தக் காரைச் செய்கிறாரோ அதன் கீறல், நசுங்கல், துரு எல்லாம் அந்தந்த இடத்தில் வந்தாக வேண்டும். சேறுகூட அசல். பல்லடத்து ஜீப்புக்குப் பல்லடத்து மண், சூலூர் வண்டிக்குச் சூலூர் மண் என்று காலி மருந்துக் குப்பிகளில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு டாக்டரை மகிழ்விக்க, அவருடைய அம்பாசிடரைச் செய்து பரிசளித்தார். டாக்டரின் மனைவி கார் பழகும்போது கேட்டில் இடித்து, கணவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த நசுங்கல் இடது மட்கார்டில் அச்சு அசலாக இருந்தது. அதன் பிறகு அந்தக் கிளினிக்குக்கு வந்த நோயாளி யாருக்கும் எங்கள் குட்டிக்காரின் கம்பெனி இருமல் மருந்து தேவைப்படவேயில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ராஜாமணி அக்கா பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பெண் அவினாசியில். பலகாரத் தட்டு வந்தது, பெண் வந்தாள், மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால், வாசலில் பெண்ணின் அப்பாவுடைய பழைய ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கால் நீட்டிக்கொண்டிருந்தது. புது வேட்டியில் கிரீஸ். "ஆக்சிலு இன்னும் ஒரிஜினலுங்க!" என்று அடியிலிருந்தே பெண்ணின் அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது திருப்பூர். அங்கே வாசலில் வண்டியில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் அக்கா கூட்டிப்போனார். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெண்ணின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. "பொண்ணுகிட்ட ஏதாச்சும் பேசோணும்னா பேசுங்க தம்பி" என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக அனுமதித்தார்கள். குட்டிக்கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த ஸ்டிக்கர் பொட்டு எந்தக் கடையிலங்க வாங்குனீங்க? ஸ்பீடாமீட்டருக்கு அந்த அளவுலதான் தேடிட்டு இருக்கறனுங்க."

திரும்பி வந்த அக்கா அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காம்பவுண்டே கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, முப்பத்தஞ்சு வயசுல பொம்மை வெச்சு வெளையாடறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"பொம்மை இல்லீங்கக்கா, மாடலுங்க" என்று பதில் கேட்டது. அடுத்து பாத்திரம் ஒன்று உருளும் சத்தமும் கேட்டது.

மூன்றாவது பெண் சத்தியமங்கலத்தில். அப்பா மல்லிகையும் வாழையும் வைத்திருக்கிற விவசாயி. பெண் பால் சங்கத்தில் பாலைச் சோதித்து வாங்குகிற வேலை. போய்விட்டு வந்த குட்டிக்காரை வாசலிலேயே பிடித்து, "பொட்டு என்ன அளவுங்க?" என்று வம்புக்கிழுத்தேன்.

அவர் யோசித்தார். "கவனிக்கலீங்க" என்றார்.

நிலைமையின் தீவிரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்து மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வருவார்கள். வீட்டைப் பார்ப்பது பேருக்கு. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் காரியம். அவர்கள் வந்து போகிறவரை ஒரு சக்கரம்கூடக் கண்ணில் படக்கூடாது என்று அக்கா உத்தரவு போட்டார். அன்று காலையில் குட்டிக்கார் ஒவ்வொரு காராகத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல வீடு வீடாகக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கறுப்புக் கான்டஸா, இடுப்புவரை சேற்றுடன்.

"படுக்க வெச்சராதீங்க, கண்ணாடிக்கு ஆகாதுங்க" என்றார். கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். காரை விட்டுப் போக மனசில்லை என்றுதான் நினைத்தேன். துண்டை மடித்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் புள்ளையும் வேண்டாம்னு சொல்லிப்போட்டா, இனி நான் எங்கயும் போய்ப் பாக்கறாப்ல இல்லீங்க."

கான்டஸாவை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் காம்பவுண்டின் புத்திசாலித்தனத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். விசாரிக்க வருகிறவர்கள் எந்த வீடுகளுக்கு வருவார்களோ அதே வீடுகளில் கார்களை ஒளித்துவைத்தோம். அதிலும், பிள்ளைகள் கை படாத இடம் காம்பவுண்டில் ஒன்றுதான் உண்டு: சாமி அலமாரி. ஏழு வீட்டுப் பெண்களும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். காலையில் விளக்கேற்றும்போது, கை வழக்கத்தில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் வைத்த கையோடு காருக்கும் ஒரு பூ வைத்துவிட்டாள் என் மனைவி. பக்கத்து வீட்டில் சந்தனப் பொட்டே வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா தோளில் துண்டு போட்ட, வெள்ளந்தியான மனிதர். அத்தை அதிகம் பேசவில்லை. கண்தான் எல்லா இடத்துக்கும் போய்வந்தது. மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அப்பா எங்கள் சாமி அலமாரியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பையன் தங்கமுன்னு எல்லாரும் சொல்லிப்போட்டாங்க. அதுல நமக்குச் சந்தேகமில்லீங்க. எனக்கு வேற ஒண்ணு தெரியோணும்."

"கேளுங்க."

"ஊட்டுக்கு ஊடு காரைச் சாமியோட வெச்சுக் கும்புடறீங்களே, இது எந்த ஊரு வழக்கமுங்க?"

நான் நிறையப் படித்தவன். சாமி இல்லை என்று டீக்கடையில் மணிக்கணக்காக நிரூபிக்கக்கூடியவன். அந்தப் படிப்பில் ஒரு வரிகூட அப்போது உதவிக்கு வரவில்லை. என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"நேர்த்திக்கடனுங்க மாமா. காரு வேணும்னு வேண்டிக்கிட்டுக் குட்டிக்காரு வெச்சமுன்னா, பெரிய காரு வந்துருமுங்க."

"வந்திருக்குதுங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் பின்சக்கரத்தில் காற்றில்லை.

"ஆமாங்க" என்றேன். அந்த உரையாடலில் என் மொத்தப் பங்களிப்பு அதுதான்.

அப்பா எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டதை ஒருமுறை உறுதி செய்துகொண்டு, கான்டஸாவின் முன்னால் நின்று கைகூப்பிக் கண்ணை மூடினார். "நானும் ஒரு அம்பாசிடர் வாங்கோணும்னு எத்தனையோ வருசமா நெனச்சுட்டே இருக்கறனுங்க. ஒரு வருசம் காத்தடிச்சு வாழை சாஞ்சுபோச்சு. ஒரு வருசம் மல்லிக்கு வெலையில்லாமப் போச்சு. இந்தச் சாமிய இத்தனை நாளும் தெரியாமப் போச்சே!"

அத்தை அலமாரியருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சாமிக்கு வெக்கற காருல எதுக்கம்மணி இத்தனை சேறு?"

மனைவி அசரவில்லை. "வேண்டுதல் பலிச்சதுக்கு அடையாளமுங்க."

அத்தை 'ம்' என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

குட்டிக்கார் வீட்டுக்குத் திரும்பினார்கள். நாங்களும் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். அக்கா காப்பி கொண்டுவந்தார். சம்மதம் சொல்கிற முகத்தோடு அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு, "மாப்ள, இந்த நேர்த்திக்கடன் காரு எனக்கும் ஒண்ணு வேணுமுங்க. எங்க கெடைக்கும்?" என்றார்.

குட்டிக்காருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களைப் பார்த்தார். ஏழு வீடும் வாசலிலிருந்து தலையை ஆட்டியது. 'சரிங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; கல்யாணம் முடிந்தது. அவரும் வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா தொடர்ந்துவிட்டார்.

"ஆனா எதுத்த ஊட்டுல இருக்கறாப்ல வேண்டாமுங்க. செஞ்சவன் வேலை தெரியாதவன் போல. சேத்தைக்கூடக் கழுவாம வித்துப்போட்டான்."

குட்டிக்காரின் திறந்த வாய் அப்படியே நின்றது. காதுகள் சிவந்தன. நாங்கள் எல்லோரும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டோம்.

"அது கழுவாம விட்ட சேறு இல்லீங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "பல்லடம் ரோட்டுல எடுத்துட்டு வந்து, துணியில சலிச்சு, பசையில கொழச்சு, பல்லுக்குத்தற குச்சியால வெச்சதுங்க. பின்சக்கரத்துல தெறிச்சது மேல ஏறி வரோணும், முன்சக்கரத்துல அப்படி வராதுங்க. நானே செஞ்சதுங்க. நேர்த்திக்கடனெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அத்தனை ஊட்டுல இருக்கறதும் நம்முளுதுதானுங்க."

அக்கா சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கும்பிட்ட கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப, ஏழு ஊடும் சேந்து எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டீங்க. பொம்மைக்காரு முன்னால என்னைக் கண்ணை மூட வெச்சுப்போட்டீங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரி அம்மணி, பஸ்ஸுக்குப் போலாம்."

குட்டிக்கார் வழிவிட்டு எழுந்து நின்றார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற முகமில்லை அது; சொல்லாமல் இருக்க முடியாமல் போனதே என்ற முகம்.

அத்தை எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்கண்ணா. நம்ம பக்கத்து ஊட்டுப் பையனைப் பத்தி விசாரிக்க வந்தாங்களே, நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்ல பையன்னுதான் சொன்னேன்."

"'நல்ல பையன்தான், ஆனா...'ன்னு சொன்னீங்க. அந்த 'ஆனா'வுலயே அந்தக் கலியாணம் நின்னுபோச்சு. இங்க ஏழு ஊடு ஏறி எறங்குனோம். ஒருத்தராச்சும் 'ஆனா'ன்னாங்களா? முருகனை அக்கட்டால நகத்திப்போட்டு இவரு காருக்கு எடம் குடுத்திருக்கறாங்க. இந்தப் பொண்ணு" என்று என் மனைவியைக் காட்டினார், "வாய் கூசாமப் புதுசா ஒரு சாமியவே உண்டாக்கிப்போட்டா. ஒரு ஆளுக்காக இத்தனை பேரு பொய் சொல்றாங்க, அந்த ஆளுக்கு மட்டும் பொய் வரலை. இதுக்கு மேல என்னத்த விசாரிப்பீங்க?"

அப்பா நின்றுகொண்டே இருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டார்.

"அம்பாசிடர் செஞ்சா, நாலு கதவும் தொறக்குமுங்களா மாப்ள?"

"டிக்கியும் தொறக்குமுங்க மாமா" என்றார் குட்டிக்கார்.

கல்யாணம் சத்தியமங்கலத்தில் நடந்தது. மாமனாருக்கு ஓர் அம்பாசிடர் போனது, நசுங்கல் ஏதுமில்லாமல். தன் கொள்கைக்கு விரோதமாக அவர் செய்த ஒரே கார் அதுதான். மல்லிகைத் தோட்டத்து மண்ணை மட்டும் டயரில் கொஞ்சம் வைத்தாராம்.

கல்யாணம் முடிந்து வந்தவர், கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கான்டஸாவின் பானெட்டில் குங்குமம் அப்பியிருந்தது. கூரையில் சாமி விளக்கின் எண்ணெய் சொட்டி வழிந்திருந்தது. பக்கக் கண்ணாடியில் காய்ந்த பூ ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு மாத வேலை பாழ். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து காலண்டரைப் பார்த்தேன்.

"தொடச்சுத் தந்தர்றனுங்கண்ணா" என்றாள் மனைவி.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வேண்டாமுங்க" என்றார். "நான் வெச்சா அழுக்கு இந்த மாதிரி வராதுங்க. அது இங்கயே இருக்கட்டும்."

ஏழு வீட்டுக்கும் போனார். ஏழு வீட்டிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பினார்.

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வீடு மாறிவிட்டோம். சாமி இல்லை என்று நான் இன்னமும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு முறை சாமான் ஏற்றும்போதும் படங்களும் விளக்கும் லாரியில் போகும். அந்தக் கான்டஸாவை மட்டும் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், படுக்க வைக்காமல்.