சாமி எந்தக் கட்டத்தில் வரும்?

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

பூபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ராஜலட்சுமியும் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் மூட்டுவலியும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் நீங்கள் வாய் திறப்பதற்குள் அக்கா பிடுங்கிக்கொள்வாள் என்பதால் இந்தக் கடிதம். எனக்கு ஒரு அவசர உதவி வேண்டும். கடவுள் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். நாற்பது வருடமாக மேடை போட்டு அது இல்லை என்று பேசுகிறவர் நீங்கள். எது இல்லை என்று உங்களுக்காவது சரியாகத் தெரிந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனிக்கும் காட்டுக்கும் நடுவே நாலைந்து தக்காளித் தோட்டம்தான். கேட்டில் திம்மராயன் என்று ஒருவர், காட்டோரத்து ஜவளகிரிக்காரர், ஐந்து வருடத்தில் ஒருநாள் லீவு போட்டதில்லை. போன புதன்கிழமை காலை ஷிப்ட் பஸ் உள்ளே போனதும் அவர் விசிட்டர் ரிஜிஸ்டரில் எழுதியது இது. பெயர், சாமி. ஊர், ஜவளகிரிப் பக்கம். யாரைப் பார்க்க, யாரையும் இல்லை. காரணம், தண்ணீர் குடிக்க. வந்தது 6.10, போனது 6.32. கையெழுத்து, கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் ஜெயப்ரியா மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

"யாருங்க இந்தச் சாமி?"

"சாமிங்க மேடம்" என்றார் திம்மராயன்.

"மாலை போட்டவரா?"

"மாலையெல்லாம் போடலைங்க. பெரிய சாமிங்க."

பெரியசாமி என்று எங்களுக்கு ஒரு லாரி டிரைவர் உண்டு, பர்கூர் ஆள். அந்த நிமிஷமே அவருடைய கேட் பாஸ் ரத்தாகிவிட்டது. தண்ணீர் குடித்ததாகப் புகார் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட, அந்த மனுஷன் இரண்டு நாளாக எனக்குப் போன் போட்டு, "நான் தண்ணியே அடிக்கிறதில்லைங்க சார், எங்க வூட்ல வேணா கேளுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் கேமராவைப் போட்டுப் பார்த்தோம். அத்தான், அது யானை. இங்கே காட்டோரத்து ஆட்கள் அதைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை, சாமி என்றுதான் சொல்வார்கள் என்பது மூன்று வருடமாக இங்கே இருக்கும் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். படத்தில் சத்தம் கிடையாது. அது கேட் வழியாக வந்தது, கம்பெனித் தோட்டத்துத் தொட்டியில் நிதானமாகத் தண்ணீர் குடித்தது, பிறகு இருநூறு பைக் நிற்கிற ஸ்டாண்டுக்குள் நுழைந்து மறுபக்கமாக வெளியே வந்தது. ஒரு பைக் சாயவில்லை. நம் ஆட்கள் ஷிப்ட் முடிந்து போனால் தினம் மூன்று சாயும். திரும்பிப் போகும்போது திம்மராயன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். படம் பார்த்துக்கொண்டிருந்த மேடம் எப்போது எழுந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் கும்பிடவில்லை அத்தான், உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். கை தானாக மேலே வந்தது, பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதை மறைத்தால் பொய்.

இப்போது சிக்கல் என்னவென்றால், தலைமை அலுவலகத்துப் படிவத்தில் உள்ளே வந்தது எது என்பதற்கு நாலு கட்டம் இருக்கிறது. ஆள், வண்டி, விலங்கு, மற்றவை. விலங்கு என்று போட்டால் திம்மராயன் சைரன் அடித்திருக்க வேண்டும், அடிக்காததற்கு வேலை போய்விடும். மூன்று பெண் பிள்ளைகள் அவருக்கு. மற்றவை என்று போட்டால் விதி எதுவும் இல்லை, தப்பித்துவிடுவார். ஆனால் மற்றவை என்றால் வரையறை எழுத வேண்டுமாம், அதாவது சாமி என்றால் என்ன என்று. அவரிடமே கெஞ்சிப் பார்த்தேன், "பயத்துல சைரன் மறந்துபோச்சுன்னாவது எழுதிக்குடுங்க" என்று. "பயமெல்லாம் இல்லைங்க சார். சாமி வரப்ப மேளம் அடிப்பாங்க, சைரன் அடிப்பாங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்.

கேன்டீன் சாந்தம்மாவைக் கேட்டேன். "நம்மள விடப் பெருசா இருக்கணும், நெனச்சா நசுக்கிப்புடலாம், ஆனா நசுக்காம போவணும். அதுதாங்க சாமி" என்றாள். அப்படியானால் தினம் என்னை உரசிக்கொண்டு போகும் கன்டெய்னர் லாரியும் சாமியா என்றேன். "அதுக்கு டிரைவர் இருக்கான்ல. சாமிய யாரு ஓட்டறா?" என்று சாம்பாரைக் கலக்கப் போய்விட்டாள். ஆயுதபூஜை அன்று பொட்டு வைத்துக் கும்பிடுகிற மிஷினை மறுநாள் உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறோம், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் புரியவில்லை.

விசாரணை முடியும்வரை திம்மராயனைக் கேன்டீன் பக்கம் மாற்றியிருப்பதால் கேட்டில் நான்தான் நிற்கிறேன். ஒரு மனுஷனின் வேலை உங்கள் இரண்டு வரியில் தொங்குகிறது. வரும் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அக்காவுக்கு என் அன்பு, சின்னவளுக்கு ஆசீர்வாதம். ஆசீர்வாதம் உங்களுக்குப் பிடிக்காது என்றால் வாழ்த்து என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
பூபதி

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. திங்கள் காலை 6.20க்கு அது மறுபடி வந்தது. சைரன் பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அங்கே போகவில்லை, பாக்கெட்டுக்கும் போகவில்லை. எனக்கும் மெமோ வந்தது. இந்த விஷயம் தெரிந்தவர் திம்மராயன் ஒருவர்தான் என்று மேடம் என்னை விசாரிக்க அவரையே போட்டார். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கும்புட்டீங்களா சார்?"

"கும்பிட்டேன்."

"அப்புறம் என்னாங்க சார் விசாரணை" என்று பேப்பரை மடித்துவிட்டார். மேடம் மற்றவை கட்டத்தில் டிக் அடித்து, வரையறை என்ற இடத்தில் 'நேரில் பார்க்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. திம்மராயன் மறுபடி கேட்டில்.

ஆகவே இரண்டு வரி வேண்டாம் அத்தான். ஒருமுறை ஓசூருக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்று, நீ இல்லை என்று அதனிடமே சொல்லிவிடுங்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.