துரையின் பெயர் எந்த மேகத்தில்?

திருவிடந்தை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ஜெபக்குமாருக்கு, அக்காள் கணவன் வரதன் எழுதுவது. இவ்விடம் நானும் சாராளும் கடற்காற்றும் இருமலுமாக, குறை சொல்லும்படி இல்லாமல் இருக்கிறோம். ஊரப்பாக்கத்தில் நீயும் கவியாவும் பிள்ளைகளும் தண்ணீர் லாரிக்குக் காத்திராமல் சுகமாக இருக்க வேண்டும் என்று உன் அக்காள் தினமும் ஜெபிக்கிறாள்.

நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவன். கண்ணால் பார்க்காத எதையும் நம்புவதில்லை. நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். ஆகவே உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. நான் செயலாளராக இருக்கும் ரத்தக் கொடையாளர் சங்கம் உனக்குத் தெரியும். ஈ.சி.ஆர் ரோட்டில் எவன் வண்டியிலிருந்து விழுந்தாலும் எனக்குத்தான் போன் வரும். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர் பட்டியல் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. போன மாதம் அது திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே துருவும் பல்லி முட்டையும். கடைக்காரர் பட்டியலை மட்டும் பிழைக்க வைத்து ஒரு பென் டிரைவில் கொடுத்தார். இனி எல்லாம் கிளவுடில்தான், அதாவது இன்டர்நெட் வழியாக வேறெங்கோ சேர்த்து வைக்கும் மேகத்தில்தான் என்று கமிட்டியில் முடிவாகி, எந்தக் கிளவுட் என்பதில் சண்டை ஆரம்பித்தது. தலைவர் உப்பிலி கோயில் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு அரசாங்கக் கிளவுட்தான் வேண்டும். "தனியார்காரன் நாளைக்குக் கடையை மூடினா யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார். பொருளாளர் ரேணுகா நர்ஸ் வேலை பார்ப்பவர். "ரத்தம் கேட்டு அழறவங்ககிட்ட, இருங்க, மேலதிகாரி கையெழுத்து வரட்டும்னு சொல்லவா?" என்றார். ரெண்டு வாரம் இதே பேச்சுதான். எனக்கோ வேற கவல. இந்த மேகம் எங்க இருக்குது, அத ஒரு தரம் பாக்க முடியுமான்னு.

இந்த நேரத்துல ஆட்டோ ஓட்டுற துரை வந்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவன் ரத்தத்துல கல்லீரல் கிருமி இருக்குன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து தாள் வந்து, அவன் பேருக்கு நேரா 'இனி எடுக்கக் கூடாது'ன்னு குறிப்பு ஏத்தினவன் நான்தான். அவன்கிட்ட ரகசியமா சொன்னவனும் நான்தான்.

"அண்ணாத்த, பேரெல்லாம் எங்கியோ மேல ஏத்தறீங்களாமே. என் கட்டத்துல எழுதி வெச்சிகிறியே, அதுவும் போவுமா?"

"எல்லாந்தான் போவும்."

"அத்த யாரு படிப்பா?"

அவன் பொண்டாட்டிக்கே விஷயம் தெரியாது. பொண்ணுக்கு அணுபுரத்துல சம்பந்தம் பேசிகினு கீறாங்க. கேட்டுகினு வந்து சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

மறுநாளே பஸ் ஏறி ஓ.எம்.ஆர் ரோட்டுல அந்த தனியார் கம்பெனிக்குப் போனேன். ராமதாஸ்னு ஒருத்தர், நல்ல மனுஷன், காபி குடுத்தார். மேகத்தக் காட்டுங்கன்னேன். அது மும்பைல ஒண்ணு, ஐதராபாத்ல ஒண்ணு இருக்குது சார், ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னார். அப்போ எங்க துரை ரெண்டு ஊர்லயும் இருப்பானான்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்துட்டு ஆமான்னார். ஒரு ஊர்லயே மறைக்க முடியாம தவிக்கிறான் சார்னேன். எல்லாம் பூட்டி இருக்கும் சார்னார். சாவி யார்கிட்டன்னு கேட்டேன். அதுக்கு இருபது நிமிஷம் படம் போட்டுக் காட்டினார். படம் அழகா இருந்துச்சு, சாவி மட்டும் எங்கன்னு புரியல.

அப்புறம் செங்கல்பட்டுக்குப் போனேன். அரசாங்கக் கிளவுட் விஷயத்தப் பாக்கற துர்காதேவி மேடத்தப் பாக்கவே மூணு நாள் ஆச்சு. மேகம் இங்கயும் இல்லியாம். அஞ்சு பக்கம் படிவம் குடுத்தாங்க. அதே கேள்விய கேட்டேன், துரை குறிப்ப யாரு படிப்பாங்கன்னு. அவங்க திருப்பி என்னையே கேட்டாங்க.

"இப்போ அந்தப் பட்டியலோட பாஸ்வேர்டு எத்தன பேருக்குத் தெரியும் சார்?"

விரல் விட்டு எண்ணினேன். கமிட்டி ஒம்பது பேரு. சாராளு. பிரிண்ட் எடுத்துக் குடுக்கற ஜெராக்ஸ் கடைக்காரரு. அப்புறம் சங்கத்து ரூமுக்கு வர்ற எல்லாரும், ஏன்னா மறந்துடுமேன்னு காலண்டர் மேல எழுதி வெச்சிருந்தேன்.

மேடம் பேனாவ மூடி வெச்சாங்க. "சார், எங்ககிட்ட வெச்சாலும் கம்பெனில வெச்சாலும் கதவு உங்க ரூம்லதான் இருக்கு. முதல்ல அத சாத்துங்க."

வெக்கமா போச்சு மச்சான். வந்ததும் காலண்டரக் கிழிச்சேன். குறிப்புக் கட்டத்த ரெண்டு பேரு மட்டும் பாக்கற மாதிரி வெக்கலாம், பேரும் ரத்த வகையும் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காம போன்லயே தெரியும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அத ரேணுகாகிட்ட சொன்னேன், ஒத்துகினாங்க. உப்பிலி சார் ஜெயிச்சுட்டதா நெனச்சுகினு எல்லாருக்கும் போண்டா வாங்கிக் குடுத்தார். ஆக அரசாங்கக் கிளவுட்னு தீர்மானம் எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு. நாங்க செஞ்சது சரிதானான்னு நீ ஒரு வரி எழுது. துரைகிட்ட தைரியமா சொல்லணும்.

கர்த்தர் கிருபையாலும் நித்திய கல்யாணப் பெருமாள் தயவாலும் உன் வீட்டில் ஒருவருக்கும் ரத்தம் தேவைப்படாமல், கொடுக்கும் அளவுக்கு எல்லோர் உடம்பிலும் நிறைய இருக்கட்டும். கவியாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
வரதன்

பின்குறிப்பு: மேலே எழுதினத விட்டுடு மச்சான். கடிதம் தபால்ல சேர்க்கறதுக்குள்ள எல்லாம் மாறிப் போச்சு. ஏத்தறதுக்கு முன்னாடி கையால எழுதின பழைய நோட்டோட ஒரு தரம் ஒத்துப் பாருங்கன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. பாத்தேன். நம்ம சங்கத்துல ரெண்டு துரை. பட்டியல்ல ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர். கிருமி இருந்தது முட்டுக்காட்டு துரைக்கு. அவருக்கு ஆஸ்பத்திரிலேர்ந்தே நேரா தகவல் போயி, அப்போவே வைத்தியம் பாத்துகினு, சிங்கப்பூர் போயி நல்லா இருக்காராம். நான்தான் ஒரு வரி தள்ளி ஏத்திட்டேன்.

எந்த மேகம்னு ஒரு மாசமா அலஞ்சேனே, ஏத்தறது சரியான்னு பாக்கலியே. "மொதல்ல போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க"ன்னு சாராளு சட்டைய எடுத்துக் குடுத்தா. போனேன். ஆட்டோ ஸ்டாண்டுல, அவன் வண்டியிலயே பின் சீட்டுல உக்காந்து சொன்னேன்.

"நாலு வருஷமா வூட்ல தனி தட்டு, தனி டம்ளர் அண்ணாத்த. கேட்டா வயித்து வலின்னு சொல்லிகினு கீறேன். குடியையும் வுட்டுட்டேன்."

"மன்னிச்சுடுப்பா. இன்னிக்கே அழிச்சுடறேன்."

"அழிக்காத."

"இன்னாப்பா சொல்ற? அது பொய்யி."

"பொய்தான். அது எங்கியோ எழுதிகினு கீதுன்ற பயத்துலதான் நான் சாராயக் கடைப் பக்கம் போவல. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் கெடக்கட்டும்."

ரத்தப் பட்டியல்ல பொய் எழுதி வெக்க முடியாது. அவனுது ஓ நெகடிவ் வேற, கெடைக்காத ரத்தம். அதனால பட்டியல்ல திருத்திட்டேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரேன்னான். ஆனா அவன் கேட்டதுக்காக ஒரு துண்டுச் சீட்டுல 'துரை, இனி கூடாது'ன்னு மட்டும் எழுதி, சங்கத்து சீல் குத்திக் குடுத்தேன். மடிச்சு சட்டைப் பையில வெச்சுகினான். அது எந்தக் கிளவுட்ல சேரும்னு மட்டும் விசாரிச்சு எழுது.