தண்ணி அண்ணையின் மனு

ஒரு துளி மதுவும் தொடாமல் ‘தண்ணி அண்ணை’ என்று பெயரெடுத்த தமிழர் ஜெர்மனி முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பான் நகரத்து அகதிகள் விடுதியில் எங்களுக்கு அடுத்த அறை அவருடையது. வவுனியாவில் சுகாதாரப் பரிசோதகராக இருந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டவர், இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மனம் மட்டும் குடிநீரிலேயே கிடந்தது.

விடுதிப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் சொத்தை. இரக்கமுள்ள ஜெர்மன்காரர்கள் வாராவாரம் சாக்லேட் கொண்டுவந்து குவித்தார்கள். என் ஐந்து வயது மகள் பல்வலியில் சோற்றைக் கண்டாலே அழுதாள். அண்ணை அவள் வாயைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பல்லுச் சொத்தையாகாமல் காக்கிற ஃபுளோரைடு இந்தக் குழாய்த் தண்ணியில காணாது, தங்கச்சி. சேர்க்கச் சொல்லி மனுப் போடவேணும்.”

“எங்களுக்கு விசாவே தரேல்லை அண்ணை. தண்ணியில மருந்து போடுவினமோ?”

“விசா வேற இலாகா.”

அவருடைய பிரசாரத்துக்கு ஒரே இடைஞ்சல், அவருடைய பற்கள்தான். எல்லாம் பழுப்புத் திட்டுத் திட்டாக இருக்கும். ஆட்கள் சிரித்தால் கோபிக்கமாட்டார்.

“எங்கட ஊர்க் கிணத்தில ஃபுளோரைடு கூடிப்போச்சு, அதுதான் என்ர பல்லு இப்பிடி. இங்க குறைஞ்சுபோச்சு. நடுவில ஒரு அளவு இருக்கு. அதைத்தான் கேக்கிறன்.”

விடுதி முழுவதும் கையெழுத்துப் போட்டது. பாதிப் பேர் அதை அகதி விண்ணப்பம் என்றே நினைத்தார்கள். ஒருவர் இரண்டு பாஸ்போர்ட் படமும் இணைத்திருந்தார்.

ஆச்சரியமாக, சுகாதார அலுவலகத்திலிருந்து, நேரில் வரச்சொல்லி டெர்மின் கொடுத்துக் கடிதம் வந்தது. கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்ததால் நான் மொழிபெயர்க்கப் போனேன். அண்ணை கோட்டுப் போட்டு, மாதிரிக்கு ஒரு போத்தலில் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்தார். அதிகாரி அம்மா மனுவை முழுவதும் வாசித்தார். குடிநீரில் சேர்க்கச் சட்டம் இடம் தராது, ஆனால் ஃபுளோரைடு சேர்த்த உப்பு கடையில் உண்டு, பிள்ளைகளுக்கு மாத்திரையும் உண்டு என்றார்.

“ஏலாதாம் அண்ணை. உப்பில இருக்காம்.”

அண்ணை விடவில்லை. “சரி, உப்பு வாங்குவம். பிள்ளையளின்ர பல்லை ஆர் வந்து பாப்பினம் எண்டு கேளுங்கோ.”

நான் கேட்டதும் அந்த அம்மா பேனாவை எடுத்தார். எதையோ குறித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் ஒரு பல் மருத்துவர், பெரிய பொம்மைப் பல்லும் முழ நீளத் தூரிகையுமாக விடுதிக்கு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர் அண்ணை. மகளின் பல்லை அடைத்த பிறகு அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு கல்யாணம், பிறந்தநாள் எதுவானாலும் அண்ணையின் பரிசு ஒரு பெட்டி உப்பு. அந்த வீட்டுப் பிள்ளை மாத்திரை எடுப்பது தெரிந்தால் உப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார். “ரெண்டும் வேண்டாம். என்ர பல்லைப் பாருங்கோ.”

நாலு வருடம் கழித்து, விசா கிடைத்து, கார்ல்ஸ்ரூஹேயில் இருந்த தம்பியிடம் போனார். ஸ்டேஷனில் என் மகள் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“எங்க, ‘ஆ’ எண்டு காட்டு பாப்பம்.”

அவள் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். அண்ணை குனிந்து, ரயில் வந்து நின்ற பிறகும், ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டிருந்தார்.