புளிச்சகீரையைப் பிடிக்கப் போலீஸ் வந்தது

என்ர நூக்கண்டு மாமாவுக்கு,

உங்கள் மருதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டுக்கொள்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு இதுக்கு மேல இலக்கணமா வராதுங்க, இனிமே பேசற மாதிரியே எழுதிடறேன்.

நாளைக்கு உங்களுக்கு வருசத் தெவசம். எலையில என்ன வைக்கிறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. புளிச்சகீரைக் கடைசல்தான். இருபத்தாறு வருசமா உங்களுக்கு ஆசை ஆசையா ஆக்கிப்போட்டது அதுதானுங்களே. சந்தையில வாங்கினா நம்ம கைக்கீரை ஆகாதுன்னு, ஊட்டுக்குப் பின்னால தொவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல மூணு மாசம் முன்னாடியே விதை போட்டேன். தண்ணி ஊத்தி ஊத்தி என்ர ஒசரத்துக்கு வந்துருச்சு. வளந்த செடியில மேல் எலை அஞ்சு வெரல் ஏழு வெரலாப் பிரிஞ்சு நிக்குமுங்களே, அப்படி நின்னுது. அதுதான் வெனையாப் போச்சு.

உங்ககூட நிட்டிங் கம்பெனியில ஒண்ணா வேலை பாத்த நாச்சிமுத்து அண்ணன், அதுதான் நம்ம பக்கத்து ஊட்டுக்காரரு, வேலைய உட்டு நின்னுட்டாரு. மக புதுப் போன் வாங்கிக் குடுத்திருக்கறா. எதைப் பாத்தாலும் படம் புடிச்சு, இது என்னன்னு போனைக் கேக்கறதுதான் இப்ப அவருக்குப் பொழப்பு. முந்தாநாள் காம்பவுண்டு மேல கைய நீட்டி என்ர கீரையப் படம் புடிச்சிருக்கறாரு. போன் அதைக் கஞ்சான்னு சொல்லிப்போட்டுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலீங்க. ஸ்டேசனுக்குச் சொல்லிட்டு, அப்புறம் நம்ம லைன்ல பத்து ஊட்டுக்கும் சொல்லிட்டாரு. இதுல பாருங்க, ரெண்டு வாரமா அந்தக் கீரையக் கடைஞ்சு நான் எல்லாத்துக்கும் கிண்ணத்துல குடுத்துட்டு இருந்தேன். சேதி தெரிஞ்சதும் ஒருத்திக்குத் தலை சுத்துது, ஒருத்தருக்கு முட்டி வலி மூணு நாளாக் காணாமப் போனதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு, நாச்சிமுத்து அண்ணன் வெள்ளிக்கெழமை தான் தனியா ஒக்காந்து சிரிச்சதாச் சொல்றாரு. எதுத்த ஊட்டுச் சபுரா பீவி அக்கா மட்டும், எனக்கு ஒண்ணுமே ஏறலியேடி, எனக்கு மட்டும் அடிக்கீரைய ஊத்துனியான்னு சண்டைக்கு வந்துட்டா.

இன்னைக்குக் காலையில ஜீப்பு வந்துருச்சு. ஆஷான்னு ஒரு எஸ்.ஐ. அம்மா. சின்ன வயசுதான். அம்புட்டுச் செடியையும் வேரோட புடுங்கி சோதனைக்கு அனுப்போணும், பத்து நாள் ஆகும், அது வரைக்கும் கூப்பிட்டப்பெல்லாம் ஸ்டேசனுக்கு வரோணும்னாங்க. எனக்கு ஸ்டேசன் பெருசில்லீங்க. செடி போயிட்டா நாளைக்கு உங்க எலையில என்னத்த வைக்கிறதுன்னுதான் செடிக்கு முன்னால போயி நின்னுக்கிட்டேன். புடுங்காதீங்க, என்ர ஊட்டுக்காரரு இதைச் சாப்படத்தான் நாளைக்கு வர்றாருன்னேன். எங்கிருந்து வர்றாருன்னு கேட்டாங்க.

"செத்துப்போயிட்டாருங்க," ன்னேன்.

அந்தம்மா எழுதிட்டு இருந்த நோட்டை மூடிட்டாங்க.

போலீசுக்கு வர்றதுக்கு முந்தி அவங்க விவசாயப் படிப்பு படிச்சவங்களாம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தா இங்கயே பாத்துரலாம்னாங்க. துணியில நூல் வளையம், அதுதான் லூப்பு, எண்ண நீங்க வெச்சிருந்தீங்களே, அந்த லென்ஸை ஓடிப்போயி எடுத்தாந்தேன். எலையப் பெரட்டிப் பெரட்டிப் பாத்துக்கிட்டே எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. கஞ்சாச் செடியில பொம்பளைச் செடியோட பூவுலதான் சங்கதியே இருக்குதாம். பூவுலயும் அதைச் சுத்தியிருக்கற குட்டி எலையிலயும் பொடி ரோமம் நிக்குமாம், ஒவ்வொண்ணு தலையிலயும் தெருவெளக்கு மாதிரி ஒரு உருண்டை. அந்த உருண்டைதான் கம்பெனி. எண்ணெய்ப் பசையா ஒரு சரக்கு, வாசனைக்கு ஒரு சரக்கு, ரெண்டையும் கோத்து மொதல்ல ஒரு அமிலம் ஆக்குமாம். நம்ம சாயம் போடாத துணி மாதிரின்னு வெச்சுக்கங்க. ஒரே துணி சாயப்பட்டறைக்குப் போயி வேற வேற கலராத் திரும்பி வருதில்லீங்களா, அப்படி அந்த ஒரு அமிலத்துல இருந்தே போதை ஏத்தறது ஒண்ணு, ஏத்தாதது ஒண்ணுன்னு பிரியுமாம். பச்சையா இருக்கறப்ப அதுவும் சும்மாதானாம், சூடு பட்டாத்தான் வேலையக் காட்டுமாம். பனியன்ல அடிச்ச பிரிண்டு சூட்டு மிஷினுக்குள்ள போயி வந்தாத்தான் நிக்கும், அது மாதிரி. பூச்சி கடிக்காம இருக்கத்தான் செடி இத்தனை பாடுபடுதுன்னு நெனைக்கறாங்களாம், நடுவுல மனுசன் போயி மாட்டிக்கிட்டானாம்.

இன்னொண்ணும் சொன்னாங்க. ஆம்பளைச் செடியோட தூள் பட்டுட்டா பொம்பளைச் செடி விதை கட்டறதுல எறங்கிருமாம். ஆம்பளை பக்கத்துல இல்லாட்டிப் பூவும் பிசினுமா வெச்சுக்கிட்டே போகுமாம், வீரியமும் அதுக்குத்தான் ஜாஸ்தியாம். சபுரா அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"அப்பச் செடிய உட்டுட்டு இவளப் புடிச்சுட்டுப் போங்கம்மா," ன்னுட்டா.

ஜீப்பு ஓட்டற போலீசு வரைக்கும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டனுங்க மாமா. வருசம் முடிய ஒரு நாள் இருக்கறப்பச் சிரிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. ஆனா நல்லா இருந்துச்சு.

நம்ம செடியில தெருவெளக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. தண்டுல முள்ளு, மஞ்சப் பூவு, பூவோட தொண்டையில செகப்பு. ஆஷா அம்மா ஒரு எலையக் கிள்ளி வாயில போட்டு ஒரு கண்ணை மூடிக்கிட்டாங்க. வாயில வெச்சுப் பாத்திருந்தா ஜீப்புக்கு டீசல் மிச்சமாயிருக்கும்னு நாச்சிமுத்து அண்ணன்கிட்டச் சொல்லிட்டு, ஒரு கட்டு வாங்கிட்டுப் போனாங்க. அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. பாவமா இருந்துச்சு, நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிட்டேன்.

நான் ஒரு கொறையுமில்லாம இருக்கறனுங்க. கம்பெனிக்குப் போறேன், வர்றேன், ராத்திரி தூக்கமும் வருது. நீங்களும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, காலை நீட்டித் தூங்குங்க. இந்த லைன்ல இருக்கற எல்லாத்தையும், அந்தப் போனையும் சேத்து, ஆசீர்வாதம் பண்ணுங்க. நாளைக்கு வந்துருங்க.

இப்படிக்கு,
உங்க மருதம்மாள்

பி.கு.: நேத்து இதை எழுதி உங்க படத்துக்குப் பின்னால வெச்சேன். இன்னைக்கு மறுபடி எடுக்கறேன். உங்க எலையில மூணு கரண்டி கீரை வெச்சுக் கும்பிட்டுட்டு, எல்லாத்துக்கும் பரிமாறுனேன். நாச்சிமுத்து அண்ணன் நாலாவது தடவை வாங்கறப்பக் கண்ணுல தண்ணி உட்டுட்டாரு. "அம்மிணி, கம்பெனியில உன்ர கீரைய இத்தனை வருசமும் நாந்தான் தின்னேன். உன்ர ஊட்டுக்காரன் திருமூர்த்திக்குப் புளிப்பே ஆகாது. சாப்பாட்டு பாக்ஸை மாத்திக்குவோம். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்," ங்கறாரு. கம்பெனியில மாத்திக்கிட்டீங்க, சரி. ஞாயித்துக்கெழமை ஊட்டுல எனக்கு எதுக்கால ஒக்காந்து, இன்னும் ஊத்து இன்னும் ஊத்துன்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டீங்களே, அது ஏனுங்க மாமா?