ரியாக்டர் அண்ணாச்சியின் எட்டு டப்பாக்கள்

அந்தமான் தீவுகளின் அடுத்த அறுபது வருட மின்சாரப் பிரச்சினையை ஒரே ஒரு கலர் பென்சில் பெட்டியை வைத்துத் தீர்த்தவர், எனக்குத் தெரிந்து பூமியில் ஒருவர்தான். போர்ட் பிளேர் டெலானிபூரில் எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடும் ட்ராஃப்ட்ஸ்மேன். திருநெல்வேலிக்காரர். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் ரியாக்டர் அண்ணாச்சி.

இங்கே கரண்ட் பெரும்பாலும் டீசலில் வருகிறது, டீசல் கப்பலில் வருகிறது, கப்பல் கடலுக்கு மனசு வந்தால் வருகிறது. அதனால் தீவுக்கு ஒரு சின்ன அணு உலை என்பது அண்ணாச்சியின் திட்டம். வரைபடத்தில் போர்ட் பிளேருக்குச் சிவப்புப் புள்ளி, ஹேவ்லாக் தீவுக்குப் பச்சை. ஆளே இல்லாத தீவுகளுக்குக்கூட ஒரு மஞ்சள் புள்ளி.

"அங்க யாரு அண்ணாச்சி கரண்ட யூஸ் பண்ணுவா?" என்றேன்.

"கரண்டு மொதல்ல போய்ச் சேந்தா ஆளு பின்னாலயே வரும்டே. ஆளு வந்த பொறவு கரண்டுக்கு அலையுததுதான் நாம செய்யுத தப்பு."

இப்படி எதற்கும் பதில் வைத்திருந்த மனிதரை எங்கள் வங்காளி பியூன் பிஸ்வாஸ் தாதா ஒரு நாள் டீ டம்ளரை வைத்துக்கொண்டே மடக்கினார். "அண்ணாஜி, ஜலா ஹுவா மால் கிதர் ரக்கேகா?" எரிந்து முடிந்த சரக்கை எங்கே வைப்பீர்கள் என்று கேள்வி.

 நாலாம் நாள் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார்.

"அது அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லடே. உலைய விட்டு எடுத்த பொறவும் கொதிச்சிக்கிட்டே கெடக்கும். வருசக்கணக்கா தண்ணித் தொட்டியில ஆறப் போடணும். அப்புறம் தடிச் சிமெண்டு டப்பாவுல அடைக்கணும். அப்புறம் நம்ம பேரனுக்குப் பேரன் வரைக்கும் யாராச்சும் காவல் இருக்கணும். எடம் கெடச்சிரும். ஆளு கெடைக்குமான்னுதான் டெஸ்ட் பண்ணணும்."

டெஸ்ட் என்றால் நிஜமாகவே டெஸ்ட். அபர்டீன் பஜாரில் எட்டு எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கினார். கடற்கரை மணலை நிரப்பினார். ஃபீனிக்ஸ் பே பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மூடியைச் சுற்றி வெல்டிங் வைத்தார். பிறகு எட்டையும் ஒரு வாரம் தன் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் ஆறப் போட்டார். அவர் மனைவி, எங்கள் மதினி, என் மனைவியிடம் போனில் சொன்னார்: "தொட்டியில தண்ணிய விட டப்பாதான் ஜாஸ்தி. எடுங்கன்னா, இன்னும் ஆறலங்காவ."

ஆறியதும் எட்டுப் பேருக்குக் கொடுத்தார்; அவரும் மதினியும் அதில் இரண்டு பேர். நிபந்தனை மூன்றே மூன்று. வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. திறக்கக் கூடாது. எப்போது கேட்டாலும் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஒரு மாதம்.

முதல் வாரமே பிஸ்வாஸ் தாதா தன் டப்பாவை ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். சூப்பரிண்டெண்டெண்ட் மாற்றலாகிப் போனபோது அவருடைய டப்பா சமையல் பாத்திரங்களோடு மூட்டை கட்டப்பட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறியது. இன்னொருவர் வீட்டில் அதன் மேல் துளசிச் செடி. வேறு இரண்டு பேருக்கு வைத்த இடமே மறந்து போனது.

ஒன்பதாம் நாள் நான் என்னுடையதைத் திறந்தேன். உள்ளே மணல் என்று தெரியும். மணலை அள்ளும்போது பக்கத்தில் நின்றவனே நான்தான். ஆனாலும் குலுக்கினால் சரக் சரக் என்று சத்தம் வந்தது. ஒருவேளை வேறு ஏதாவது இருந்தால் என்று மனசு கேட்கவில்லை. சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன். மணல்தான் இருந்தது. உடைத்த இடத்தை எம்-சீல் பசை வைத்துப் பூசிவிட்டேன்.

சனிக்கிழமை சோதனைக்கு வந்த அண்ணாச்சி விரலால் ஒரு தடவுதான் தடவினார்.

"கசிஞ்சிருக்கு. எல்லாரும் வெளிய போங்க."

என்னையும் மனைவியையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். எதற்கு நிற்கிறோம் என்று கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். பத்து நிமிடத்தில் மூன்று மாடி குவார்ட்டர்ஸும் காலி. அரை மணி நேரம் கழித்து, "இப்ப போலாம்," என்றார். "அடுப்புல குக்கர் இருக்கு, அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்று முழு நேரமும் முனகிய என் மனைவி, கருகிய குக்கரை என் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில்தான் அவருக்கு வாழ்நாள் வாய்ப்பு வந்தது. தீவுகளின் மின்சாரத்துக்கு யோசனை கேட்க மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அண்ணாச்சிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. இஸ்திரி போட்ட சட்டையில் போய் வரைபடத்தை விரித்தார். பதினோரு வருட உழைப்பு. பெரிய அதிகாரி குனிந்து, ரசித்துப் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்: "எரிஞ்ச எரிபொருள யார் பாத்துப்பாங்க?"

எதையாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார்.

"சார், எட்டு டப்பா குடுத்தேன். ஒரு மாசம்தான். ரெண்டுதான் மிச்சம். அந்த ரெண்டும் எங்க வீட்டுலதான் இருந்துச்சு. திட்டத்த வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

அதிகாரி சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கூடப் போயிருந்த நானும் பின்னாலேயே வந்தேன்.

"நான் திறக்காம இருந்திருக்கணும் அண்ணாச்சி."

"திறக்கலன்னா மூணு இருந்திருக்கும். மூணும் பத்தாதுடே," என்று என் தோளைத் தட்டினார். "வா, டீ குடிப்போம்."

போன வருடம் ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் ட்ராஃப்ட்ஸ்மேன் தங்கமான பிள்ளை. கேட்டதை மட்டும் வரைகிறார், ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறார். பாவம், அவரை இன்னும் எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை.