பௌர்ணமி மந்தை

அனுப்பியதை அழித்துவிட்டோம் என்ற நிம்மதியில் ரேவதி இரண்டாவது காபி கலந்துகொண்டிருந்தாள். அழிந்தது அவளுடைய போனில் மட்டும்தான் என்பது மாமியார் ஊரான கீழ்பென்னாத்தூரில் பதினொரு பேருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு மெஹ்ருன்னிசாவுக்குப் போக வேண்டிய செய்தி அது. கை தவறி, புருஷன் வீட்டாரின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. "வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மந்தை வருது. மேஞ்சுட்டுக் கிளம்பற வரைக்கும் எனக்கு உக்கார நேரம் இருக்காது."

மந்தை என்றது மாமியார் தங்கம்மாளையும், அவர் பின்னால் மாசாமாசம் கிரிவலம் வருகிற பத்துப் பேரையும். மதியம் வந்து இறங்குவார்கள். சாப்பிடுவார்கள். மலை சுற்றிவிட்டு வந்து கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். நாத்தனார் ஆர்த்தி ஒருத்திக்கே மூன்று பக்கெட் வெந்நீர் வேண்டும். ரேவதியின் வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே வேங்கிக்காலில் அந்தத் தெரு முழுக்கப் பௌர்ணமியைக் கண்டுபிடித்துவிடும், காலண்டர் தேவையில்லை.

புருஷன் காசி ஆபீசிலிருந்து கூப்பிட்டான்.

"எங்கம்மா என்ன, ஆடா?"

"அதான் அழிச்சிட்டேனேங்க."

"உனக்கு மட்டும் அழிச்சிருக்க. ஆர்த்தி அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செவப்புல வட்டம் போட்டு, திரும்ப அதே குரூப்புல போட்டிருக்கா."

காபி ஆறிப்போனது.

மெஹ்ருன்னிசாவிடம்தான் ஓடினாள். மெஹ்ருன்னிசா சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. "ஏண்டி, மந்தைன்னா கெட்ட வார்த்தையா என்ன? உங்க பக்கத்து வீட்ல தமிழ் வாத்தியார் சும்மாதான் உக்காந்திருக்காரு. நல்ல விதமா நாலு வரி எழுதித் தரச் சொல்லு."

கோதண்டராமன் ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம். இந்தப் பத்து வருஷத்தில் அவரிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்த முதல் ஆள் ரேவதி. மனுஷன் பூரித்துப் போய்விட்டார்.

"ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ, அத்தனையும் சொல்லணும்மா. ஒண்ண மறைச்சாலும் அது மொழிக்குச் செய்யற துரோகம்."

"ரெண்டு வரி போதும் சார்."

"அவசரப்படாதே."

ஒரு மணி நேரத்தில் அவர் போனிலிருந்து வந்தது இரண்டு பக்கம். ஆடு மாடுகள் சேர்ந்து மேய்வது மந்தை. ஊர் மாடெல்லாம் வந்து நிற்கிற பொது இடமும் மந்தை. ஊரே கூடும் இடமாதலால் பெருமைக்குரியது. ரேவதி அதுவரைக்கும் படித்தாள். மனசு குளிர்ந்து அப்படியே குரூப்பில் போட்டுவிட்டாள்.

ஆர்த்தி கடைசி வரைக்கும் படிக்கிற ரகம். பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"'சுயமாக யோசிக்காமல் ஒருவர் பின் ஒருவராகச் செல்வோரை இகழவும் இச்சொல் வழங்கும். எடுத்துக்காட்டு: உறவினர் மந்தை மந்தையாக வந்து விருந்துண்டு சென்றனர்.' ஏன் அண்ணி, எடுத்துக்காட்டுக்குக்கூட நாங்கதான் கெடச்சமா?"

ரேவதி மதில் ஓரம் போய் நின்றாள். "சார், கடைசில என்ன சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

"எடுத்துக்காட்டு இல்லாம பொருள் மனசுல பதியாதும்மா," என்றார் கோதண்டராமன்.

பதிந்துதான் இருந்தது.

இனி நேரடியாகப் பேசிவிடலாம் என்று மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நான் தப்பா நெனச்சு சொல்லல."

"பரவால்லங்க."

கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில் தங்கம்மாள் மருமகளை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

ரேவதி பதறிப்போய் சொன்னாள், "நானும் அந்த மந்தைல ஒருத்திதானே அத்தை."

"அப்படித்தான் நானும் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் தங்கம்மாள். போன் வைக்கப்பட்டது.

வியாழக்கிழமை குரூப்பில் தகவல் வந்தது. முட்டி வலியாம், இந்தப் பௌர்ணமிக்கு வரவில்லையாம். பதினொரு பேருக்கும் ஒரே நாளில் முட்டி வலி. அதில் ஒன்றுக்கு வயசு ஏழு.

காசி பரணில் இருந்து இறக்கி வைத்த பாய்களைத் திரும்ப ஏற்றினான். "அம்மா வராத பௌர்ணமி இந்த வீட்ல இதான் மொதல் தடவ," என்று மட்டும் பாயிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ரேவதிக்கு உட்கார நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. கை பழக்கத்தில் பதிமூன்று பேருக்குப் புளிசாதம் கிளறியிருந்தாள். மாமியார் போன மாசம் கொண்டுவந்த மல்லாட்டை, தோலோடு வேர்க்கடலை, இன்னும் அரைப் பை இருந்தது. 'இவ்ளோ எதுக்கு அத்தை, வைக்க எடமில்ல' என்று அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். செருப்பு ரெண்டு ஜோடிதான் கிடந்தது. எதிர்வீட்டில் மெஹ்ருன்னிசா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அவளாலும் பார்க்க முடியவில்லை போல.

மூன்று மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ரேவதி கரண்டியோடு ஓடிவந்தாள். ஷேர் ஆட்டோ சைஃபுல்லா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் ஸ்டாண்டிலிருந்து எல்லோரையும் ஏற்றி வந்து, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விடுபவன். வண்டி காலியாக இருந்தது.

"கீழ்பென்னாத்தூர் பஸ்சு மூணு வந்துடுச்சுக்கா. மந்தை எறங்கவே இல்ல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆட்டோக்காரன் வரைக்கும் போய்விட்டதா?

"உனக்கு யாரு சொன்னது? ஆர்த்தியா? அந்த மெசேஜ காட்டினாளா?"

"என்ன மெசேஜுக்கா?"

"மந்தைன்னியே இப்ப."

"அது பெரியம்மா சொல்றதுக்கா, மூணு வருஷமா," என்றான் சைஃபுல்லா. "திரும்பிப் போறப்ப வண்டில ஏறினதும் தலைய எண்ணுவாங்க, பதினொண்ணு வரும், 'நம்ம மந்தைல ஒண்ணு கம்மிப்பா, மருமக வீட்லயே நின்னுட்டா'ம்பாங்க, ஒவ்வொரு வாட்டியும் அதச் சொல்லிட்டுத்தான் வண்டிய எடுக்க விடுவாங்க."