பலாமரத்தடிச் சாமி

கல்யாண வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது மனைவியை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தனியாக முடியாது என்று தெரியும். சாமியைத் துணைக்கு அழைத்தேன்.

என் தொழில் கற்கோடரி செய்வது. சிரிக்காதீர்கள். ஆதிமனிதன் வைத்திருந்தது போலவே கருங்கல்லில் செய்து, கல்லூரிகளுக்குப் பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறேன். மணலும் தண்ணீரும் விட்டு நாள்கணக்கில் தேய்த்தால்தான் முனை வரும். தோள்பட்டை கழன்றுவிடும். தமிழரசி அதைத் தூக்கிப்போய் இஞ்சி நசுக்குவாள்.

"தமிழு, வெள்ளிக்கெழம காலேஜ் மேடம் வந்து எடுத்துனு போவாங்க. முனை போச்சுன்னா இன்னாத்த குடுக்கறது?"

"அம்மி ஒடஞ்சி எத்தினி நாளாவுது? வாங்கினு வந்தீங்களா?"

மணலை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனேன். எப்போதும் இப்படித்தான் முடியும்.

எங்கள் ஜவ்வாது மலையில், உழும்போது பழங்காலக் கற்கோடரி கிடைத்தால் மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுவார்கள். நானும் நான் செய்த கோடரிகளில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பின்பக்கப் பலாமரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். வெள்ளிக்கிழமை கழுவிக் கொடுத்துவிடலாம்.

தமிழரசி பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா கற்பூரத்தோடு வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது.

"சாமி நம்ப வூட்டுக்கே வந்துகீது. இவருதான் பூசாரி" என்றாள் தமிழரசி. என் பக்கம் திரும்பினாள். "விடியக்காலம் பச்சத்தண்ணில குளிக்கணும். பீடி கூடாது. கறி கூடாது."

நான் செய்த கல் என்று சொல்ல வாயெடுத்தேன். தெருவே கும்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலேஜிலிருந்து நதியா மேடம் வந்தார். மரத்தடிக்கு ஓடினேன்.

"சாமி மேலயே கை வைக்கறியா பூபாலா?" சம்பூர்ணம் அக்கா குறுக்கே நின்றாள்.

ஆர்டர் போச்சு. தமிழரசி அடுப்படிக்குப் போய், அவளிடம் தங்கிவிட்ட ஒரே கோடரியைக் கொண்டுவந்து நீட்டினாள். முனையெல்லாம் பொக்கை. மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதான் வேணும்! வேலை செய்யும்போது கல்லு எப்படித் தேயுதுன்னுதான் ஆராய்ச்சியே."

"போன தடவ நீங்க சொன்னீங்களே மேடம். இவரு கொட்டாவி வுட்டுனு இருந்தாரு."

"இனிமே எல்லாக் கல்லையும் நீங்களே உபயோகிச்சுக் குடுங்கம்மா."

"அதுக்கு இன்னா மேடம், செஞ்சிட்டா போச்சு."

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராய்ச்சிக்காக, நான் தேய்த்த புதுக் கோடரியால் ஆட்டுக்கால் எலும்பை உடைத்துக் குழம்பு வைத்திருக்கிறாள். தெரு வரைக்கும் மணக்கிறது.

பூசாரிக்குத் தயிர்சாதம்.